ஜவளகிரிக்குப் போன கல்யாணக் குதிரை

ஜவளகிரிக் காட்டுக்கு என்னையும் சேர்த்துக் கூட்டிப்போனது பாசத்தால் இல்லை. பக்கத்து வீட்டுக் காத்தூனக்கா அதை என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

“நீ இங்க இருந்தா எங்களப் பத்தித் தெருவெல்லாம் பேசுவ சரசு. நீயும் கூட வந்துட்டா பேசறதுக்கு ஆளேது?”

இதில் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஆளைத் தெரிந்து செய்த ஏற்பாடு. என் வீட்டுக்காரர் கருப்பசாமிக்கு ஓசூர் ஃபேக்டரியில் வேலை கிடைத்து, நாங்கள் கோவில்பட்டியிலிருந்து வந்து இறங்கியபோது, தெருவில் பாதிப் பேர் கன்னடம், மீதிப் பேர் தெலுங்கு. தமிழில் வாயாரப் பேச எனக்குக் கிடைத்த முதல் வாசல் காத்தூனக்கா வாசல்தான். அந்த வாசலில் இரண்டு குதிரைகள் வேறு கட்டியிருந்தன. பேச்சுக்குப் பஞ்சமா?

குதிரைகள் காத்தூனக்காவின் கணவர் அக்பர் பாஷாவுடையவை. தெருவுக்கே அவர் பாய். சூளகிரி, குருபரப்பள்ளி, கிருஷ்ணகிரி வரை எந்த வீட்டுக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பாயின் குதிரைதான் போகும். ராஜா செம்பழுப்பு, சாதுவான ஆண் குதிரை. சுமை தூக்குவான், வண்டி இழுப்பான், சொன்னதைக் கேட்பான். அதனாலேயே அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சுல்தானா வெள்ளை. அவள் நாட்டியக்காரி. மேளச் சத்தம் காதில் விழுந்தால் முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி ஆடுவாள். பக்கத்திலேயே சரவெடி கொளுத்தினாலும் இமை அசையாது. ஒருத்தி ஆரத்தித் தட்டோடு வாசலில் இறங்கினால் அந்த இடத்திலேயே நின்று தலையைத் தாழ்த்துவாள். தட்டைச் சுற்றி முடித்துக் கீழே இறக்கினால்தான் அடுத்த அடி. அவளுக்குத் தெரிந்தது ஒரே வேகம். மாப்பிள்ளையின் அத்தைகள் பட்டுப்புடவை கசங்காமல் கூட நடந்து வரும் வேகம்.

இந்த நடைதான் வீட்டில் சண்டையைக் கொண்டு வந்தது.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. மாதம் முழுக்கக் குதிரைகள் கொள்ளைத் தின்றுவிட்டு லாயத்தில் நிற்கும். எண்பத்தேழாம் வருட மார்கழி பிறந்ததும் பாய் ஒரு முடிவுக்கு வந்தார். ராஜா ஒருவன் போதும். ஆடுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத சுல்தானாவைத் தள்ளிவிடலாம். மத்தூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். அவருக்கு மாங்காய் மண்டிக்கு வண்டி இழுக்கக் குதிரை வேண்டுமாம்.

“வெடுக்குன்னு நடக்க மாட்டாளே” என்று பாயே உண்மையைச் சொன்னார்.

“அதெல்லாம் பழக்கிக்கலாம் பாய். ரெண்டு போட்டா தானா நடக்கும்” என்றார் மத்தூர்க்காரர். கையில் இருந்த சாட்டையை அவர் தடவிக்கொண்டதுகூட எங்கள் ஜன்னலிலிருந்து தெரிந்தது. நான் அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கால் கிலோ வெங்காயத்தை எவ்வளவு நேரம் உரிப்பாய் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவருக்குச் சமையல் என்ன தெரியும்?

பாய் வாக்குக் கொடுத்துவிட்டார். வந்து ஓட்டிப்போக வேண்டியதுதான் பாக்கி.

பாயின் மகள் வஜிஹா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அவளும் அதே ஃபேக்டரியில் அசெம்ப்ளி செக்‌ஷனில் வேலை பார்க்கிறவள். சுல்தானா குட்டியாக வந்தபோது அவள் பள்ளிக்கூடப் பெண். தினமும் ஷிப்டுக்குக் கிளம்புமுன் சுல்தானாவை ஏரிக்கரை வரை ஏறி ஓட்டிவிட்டு, வந்து தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கம்பெனி பஸ் பிடிப்பாள். வயசுப்பெண் குதிரையேறுவதைப் பற்றித் தெருவில் பேச்சு வந்ததுண்டு. யார் ஆரம்பித்தார்கள் என்பது இப்போது எதற்கு?

அந்த வாரம்தான் ஃபேக்டரி நோட்டீஸ் போர்டில் ஒரு அறிவிப்பு. மனமகிழ் மன்றத்தின் சார்பில் ஜவளகிரி மலைக்காட்டில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார்கள், ஃபாரஸ்ட் ஆபீசில் அனுமதி வாங்கியாகிவிட்டது, குடும்பத்தோடு வரலாம். கடைசியில் ஒரு வரி: ‘சொந்தக் குதிரை வைத்திருப்பவர்கள் உடன் கொண்டு வரலாம்.’

அந்த வரி யாருக்காக எழுதப்பட்டது என்பது ஃபேக்டரிக்கே தெரியும். பெர்சனல் மேனேஜர் அண்ணாதுரை சார் பெங்களூரிலிருந்து டியூக் என்று ஓர் உயரமான குதிரை வாங்கியிருந்தார். அதை நாலு பேர் பார்க்க ஓர் இடம் வேண்டாமா? ஆனால் ஃபேக்டரி முழுவதிலும் சொந்தக் குதிரை இருந்த இன்னொரு ஆள் அசெம்ப்ளி செக்‌ஷனில் உட்கார்ந்து திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள். வஜிஹா நேராகப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் அவர்கள் வீட்டில் சத்தம் கேட்டதும் நான் மோர் கடன் கேட்கும் சாக்கில் உள்ளே போனேன்.

“மலைக்கா? இவளா?” என்று பாய் சிரித்தார். “அரை மைல் போறதுக்கே ஆறு எடத்துல நிப்பா. ஜவளகிரி போய்ச் சேர்றதுக்குள்ள ரம்ஜான் வந்துடும்.”

“வெறும் ஆட்டக் குதிரைன்னுதான அத்தா விக்கறீங்க? மலையேறிக் காட்டறன். அப்பறம் விக்காதீங்க.”

பாய் தாடியைச் சொறிந்தார். மகள் கேட்டால் இளகிவிடுகிற ஆள்தான். “சரி. போறப்ப வர்றப்ப வழியில எங்கயும் நின்னு என் மானத்த வாங்கக் கூடாது. நிக்காம போய் நிக்காம வந்துட்டா, மத்தூர்க்காரர் கால்ல விழுந்தாவது வேணாம்னு சொல்லிடறன். ஒரு எடத்துல நின்னாலும் மத்தூர்தான்.”

“சரி.”

“மோர் இருக்கா காத்தூனக்கா?” என்றேன் நான்.

“உனக்கு மோரா வேணும்?” என்றார் காத்தூனக்கா. அப்போதுதான் என்னையும் கூட்டிப்போகிற யோசனை அவருக்கு வந்தது.

சனிக்கிழமை விடியும்போதே பாயும் வஜிஹாவும் கிளம்பிவிட்டார்கள். ராஜாவின் முதுகில் கூடாரம், பாத்திரம், கொள்ளு மூட்டை. பாய் அவனைப் பிடித்துக்கொண்டு நடக்க, வஜிஹா சல்வார் கமீஸுக்கு மேல் அவள் அத்தாவின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு சுல்தானாவின் மேல். கல்யாணச் சேணம்தான் வீட்டில் இருந்தது, ஜரிகையும் குஞ்சமும் வைத்தது. குஞ்சத்தை எல்லாம் உள்ளே மடித்துக் கட்டியிருந்தாள். கழுத்தில் இருந்த சலங்கையைக் கழற்றிவிட்டாள். சுல்தானாவுக்கு அது அலங்காரம் இல்லாமல் வெளியே போவது மாதிரி இருந்திருக்க வேண்டும். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

நாங்கள் பின்னால் ஃபேக்டரி வேனில் கிளம்பினோம். டியூக் லாரியில் வந்தது. மெத்தையாக வைக்கோல் பரப்பி, குளிருக்குக் கம்பளி போர்த்தி. மலையில் ஓடப்போகிற குதிரை லாரியில் போகிறது, கல்யாணத்தில் ஆடுகிற குதிரை நடந்து போகிறது என்று நான் சொன்னதற்கு என் வீட்டுக்காரர், “சும்மா வாட்டி. மேனேஜர் முன்சீட்ல இருக்காரு” என்றார்.

தளி வரை ரோட்டில் குதிரைகளைக் காணவில்லை. எங்கேயும் நிற்காமல் முன்னால் போயிருக்கிறார்கள். காத்தூனக்காவின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. “பாத்தியா சரசு? நிக்கவே இல்ல எங்க சுல்தானா” என்று வழி முழுக்கச் சொன்னார்.

தளியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வேன் நின்றது. முன்னால் ஒரு சாவு ஊர்வலம். நல்ல வயசான சாவு போலிருக்கிறது. பூப்பல்லக்கு, பம்பை, வெடி, நாலு பேர் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஆட்டம். டிரைவர் ஹாரன் அடிக்கத் தயங்கினார்.

“பெரிய எடத்துச் சாவு போல. முன்னால குதிரையெல்லாம் வச்சிருக்காங்க” என்றார் அண்ணாதுரை சார்.

எல்லோரும் எட்டிப் பார்த்தோம். பாடைக்கு முன்னால் ஒரு வெள்ளைக் குதிரை முன்னங்கால்களைத் தூக்கித் தூக்கி ஆடிக்கொண்டு போனது. மடித்துக் கட்டிய குஞ்சங்கள் எல்லாம் அவிழ்ந்து தொங்கின.

காத்தூனக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். “யா அல்லா! நம்முளுது!”

நான் எல்லோருக்கும் முன்பே வேனிலிருந்து இறங்கிவிட்டேன். எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. பாய் ரோட்டோரம் ராஜாவைப் பிடித்தபடி, பூமி பிளந்தால் உள்ளே போய்விடத் தயாராக நின்றார். வஜிஹா கீழே இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பம்பை அடிக்கிற வரை சுல்தானாவை யார் இழுத்தும் பயனில்லை. இழுக்க இழுக்க அவள் இன்னும் அழகாக ஆடினாள்.

“மன்னிச்சுக்குங்க சாமி” என்று பாய் கையைக் கூப்பினார். “அதுக்குக் கல்யாணம் எது சாவு எதுன்னு தெரியாது.”

இறந்தவரின் மகன் நாராயணப்பன் என்பவர். தலையில் துண்டு கட்டி, கொள்ளிச்சட்டி தூக்கியிருந்தார். கன்னடம் கலந்த தமிழ். “விடுங்க பாய். எங்கப்பன் கல்யாணத்துக்குக் கழுதைகூடக் கெடைக்கல. நடந்தே போய்த் தாலி கட்டுனானாம், சாவற வரைக்கும் சொல்லிச் சொல்லி அழுதான். இன்னிக்குக் குதிரை தானா வந்து நிக்குது. சுடுகாடு வரைக்கும் விடுங்க.”

வேறு வழி? சுல்தானா முன்னால், பாடை பின்னால், அதற்குப் பின்னால் எங்கள் வேன், அதற்கும் பின்னால் லாரியில் டியூக். வழியில் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் பெண்கள் குடத்துத் தண்ணீர் ஊற்ற வந்தார்கள். ஒவ்வொரு குடத்துக்கும் சுல்தானா நின்று தலை தாழ்த்தினாள். முகம் தெரியாத அந்தக் கிழவருக்குக் கடைசியில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் கிடைத்தது. வேனுக்குள் சிரிப்பை அடக்க முடியாமல் ஆளாளுக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

சுடுகாட்டுத் திருப்பத்தில் மேளம் நின்றதும் சுல்தானாவும் நின்றாள். பாய் மகளைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னார்.

“மத்தூர்.”

வஜிஹா சேணத்தை இழுத்துச் சரிசெய்தாள். குஞ்சங்களை மறுபடி மடித்துக் கட்டினாள்.

ஜவளகிரிக்கு அப்பால், மலைச்சரிவில், ஃபாரஸ்ட் பங்களாவை ஒட்டி ஒரு மைதானம். அங்கேதான் கூடாரங்கள். கீழே ஒரு குட்டை, அதைச் சுற்றி மூங்கில். மார்கழிக் குளிர் பல்லைக் கிட்ட வைத்தது. கோவில்பட்டிக்காரர்களான எங்களுக்கு அது குளிர் இல்லை, தண்டனை. என் வீட்டுக்காரர் தலையில் என் உல்லன் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு, தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பாய் கூடாரம் கட்டியதைப் பார்க்கத்தான் எல்லோரும் கூடிவிட்டார்கள். கல்யாணப் பந்தல் துணி. சிவப்பும் மஞ்சளும், ஓரத்தில் ஜாலர். மற்றவர்கள் கூடாரமெல்லாம் பச்சைத் தார்ப்பாய். நடுவில் பாயுடையது வரவேற்புக்கு வாங்க வாங்க என்று கூப்பிடுகிற மாதிரி நின்றது. காத்தூனக்கா அதன் வாசலில் மூன்று கல் வைத்துக் குஸ்கா ஏற்றினார். வாசனை பிடித்துக்கொண்டு பச்சைக் கூடாரக்காரர்கள் ஒவ்வொருவராகத் தட்டோடு வந்தார்கள். அண்ணாதுரை சாரும்தான்.

“பாய், சாவு ஊர்வலத்துக்கு என்ன ரேட்டு?” என்று அவர் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. கேலி செய்யாமல் இருக்க வராது, அவ்வளவுதான். நானே அப்படித்தான் என்பதால் எனக்குப் புரிந்தது.

பாய் சிரித்துவிட்டு எழுந்து ராஜாவுக்குக் கொள்ளு வைக்கப் போனார். சுல்தானா பக்கம் போகவே இல்லை.

மறுநாள் மலைமேல் இருக்கிற பெரிய பாறைக்குப் போனோம். வழிகாட்டி ராமப்பன், ஃபாரஸ்ட் வாச்சர். முன்னால் அண்ணாதுரை சார் டியூக் மேல். அது மான் மாதிரி ஏறியதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ராஜா முதுகில் சாப்பாட்டு மூட்டை. சுல்தானா முதுகில் ஃபேக்டரிக் குழந்தைகள் இரண்டு இரண்டு பேராக முறை வைத்துக்கொண்டு ஏறினார்கள். அவள் நடையில் குழந்தைகள் தூங்கியே போனார்கள். பாறையிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கர்நாடகா, காடு காடாகப் போய்க்கொண்டே இருந்தது. இன்னொரு பக்கம் வெகுதூரத்தில் புகை. “அதான் நம்ம ஃபேக்டரி” என்று ஒருவர் சொன்னார். இல்லை, அது சாணி எருமூட்டம் என்று இன்னொருவர். இறங்கும் வரை அந்தச் சண்டை முடியவில்லை. அதனால்தான் நேரமாகிவிட்டது என்பது என் கட்சி.

இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பாதை குறுகல், ஒரு பக்கம் முள்வேலி போட்ட ராகிக் கொல்லை, மறுபக்கம் பள்ளமும் மூங்கில் புதரும். ராமப்பன் நின்று காற்றை மோந்து பார்த்தார்.

“எல்லாரும் சத்தம் போடாம வாங்க. ராகி முத்துன நாளு. கர்நாடகாப் பக்கமிருந்து ஆனை எறங்கும். நான் முன்ன போய்த் திருப்பத்துல பாக்கறேன். பந்தத்த மேல தூக்குனா நில்லுங்க. கீழ எறக்குனா வாங்க” என்று தீப்பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு முன்னால் போனார்.

அவர் திருப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தாரோ இல்லையோ, ராகிக் கொல்லைப் பரண் மேலிருந்து கூச்சல் கிளம்பியது. ஒருவன் டின்னைத் தட்டினான். இன்னொரு பரணில் தமுக்கு. அடுத்து படபடவென்று வெடி.

ராஜாவுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த டியூக் பின்னங்காலில் எழுந்து நின்றது. அண்ணாதுரை சார் வேலியோரத்து உண்ணிச்செடிக்குள் போய் விழுந்தார். டியூக் வந்த வழியே மலைமேல் ஓடிய ஓட்டத்தில் இரண்டு பேர் பள்ளத்தில் சறுக்கினார்கள். மூங்கில் புதருக்குள் மரம் முறிகிற சத்தம். யாரோ “ஆனை!” என்று கத்தினார்கள். அவ்வளவுதான். எல்லோரும் கீழே ஓடத் தயாரானார்கள். திருப்பத்திலிருந்து ராமப்பன், “ஓடாதீங்க! ஓடுனா தொரத்தும்!” என்று கத்தியது காதில் விழுந்தது. விழுந்து என்ன? கால் கேட்க வேண்டாமா?

ஆனால் ஓட முடியவில்லை. முன்னால் பாதையை அடைத்துக்கொண்டு சுல்தானா நின்றாள்.

மேளம் கேட்டாள். வெடி கேட்டாள். பின்னால் பெண்களும் குழந்தைகளுமாகக் கூட்டம். காது இரண்டும் நிமிர்ந்தன. கழுத்தை வளைத்தாள். பிறகு முன்னங்காலைத் தூக்கி, மெதுவாக, மிக மெதுவாக, ஆடிக்கொண்டே நடக்க ஆரம்பித்தாள். முதுகில் இரண்டு குழந்தைகள், மாப்பிள்ளை மாதிரி.

கடிவாளத்தைப் பிடித்திருந்த வஜிஹாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. “யாரும் முந்தாதீங்க!” என்று திரும்பிக் கத்தினாள். “அவ பின்னாலயே வாங்க! அவ வேகத்துல வாங்க!”

முந்த வழியும் இல்லை. அந்தக் குறுகல் பாதையில் சுல்தானாவின் இடுப்பைத் தாண்ட எறும்பாலும் முடியாது. அவளுக்குப் பின்னால் பாய் ராஜாவைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பின்னால் நாங்கள் எல்லாம், எங்களோடு உண்ணிச்செடியிலிருந்து எழுந்து வந்த அண்ணாதுரை சாரும். உயிர் தொண்டையில் இருக்க, கால் கல்யாண நடை நடந்தது. நான் என் வீட்டுக்காரர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். பாதி வழியில் பார்த்தால் அது ராஜாவின் வால்.

திருப்பத்துக்குச் சற்று முன்னால் நாங்கள் வந்தபோது ராமப்பன் தீப்பந்தத்தை மேலே தூக்கினார். எங்களில் ஒருவருக்கும் அவர் சொன்னது நினைவில் இல்லை. வஜிஹாகூட அடுத்த அடி வைத்துவிட்டாள். சுல்தானா வைக்கவில்லை. நெருப்பு உயர்ந்தது கண்ணில் பட்டதும் இருந்த இடத்தில் நின்று தலையைத் தாழ்த்தினாள், எங்கேயோ ஒரு அத்தைக்காரி ஆரத்தி எடுக்கிறாள் என்று. கடிவாளம் இழுத்து வஜிஹாவும் நின்றாள். பின்னால் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் முட்டி நின்றோம்.

எங்களுக்கும் தீப்பந்தத்துக்கும் நடுவில் மூங்கில் பிளந்தது. முதலில் ஒரு பெரிய பெண் யானை. அதன் வயிற்றை உரசிக்கொண்டு ஒரு குட்டி. அப்புறம் வரிசையாக மற்றவை. கடைசியில் வந்தது மட்டும் பாதை நடுவில் நின்று எங்கள் பக்கம் திரும்பியது. தும்பிக்கையைத் தூக்கி மோந்தது. சுல்தானா தலையை நிமிர்த்தவே இல்லை. அவளுக்குத் தட்டு இன்னும் சுற்றி முடியவில்லை. யானை ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, வேலியை மிதித்துக்கொண்டு போய்விட்டது.

பந்தம் கீழே இறங்கியது. சுல்தானா அடுத்த அடியை எடுத்து வைத்தாள்.

மைதானத்துக்கு வந்து சேரும் வரை யாரும் பேசவில்லை. என்னையே கணக்கில் எடுத்துக்கொண்டால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். காத்தூனக்கா கூடாரத்து வாசலில் தஸ்பீஹ் மணியை உருட்டியபடி நின்றுகொண்டிருந்தார். எல்லாத் தலையையும் எண்ணிவிட்டு, நடந்ததைக் கேட்டுவிட்டு, “ஆனைக்கே மாப்பிள்ள ஊர்வலம் நடத்திட்டாளா?” என்றார். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். சிலர் அழுதார்கள்.

அண்ணாதுரை சார் சட்டையெல்லாம் முள். பாயின் முன்னால் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “பாய், உங்க குதிரைக்கு நம்ம ஃபேக்டரியில சேஃப்டி ஆபீசர் வேலை போட்டுத் தர்றேன். நாளைக்கே ஜாயின் பண்ணச் சொல்லுங்க.”

பாய் தன் கம்பளியை எடுத்துச் சுல்தானா முதுகில் போர்த்தினார். நேற்றிலிருந்து தொடாத குதிரை. அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, நெஞ்சை நிமிர்த்தி, “எங்கூட்டுக் குதிரை” என்றார். எங்களுக்குத் தெரியாத மாதிரி.

“நின்னுட்டாளே அத்தா” என்றாள் வஜிஹா. “அப்ப மத்தூர்தானா?”

பாயின் முகம் வாடிவிட்டது. “வாக்குக் குடுத்துட்டனேம்மா. நிக்காம வந்தா கால்ல விழறன்னு நெனச்சன். இப்ப என்னன்னு சொல்லி விழறது? எந்த மொகத்த வெச்சுக்கிட்டு இல்லங்கறது? இந்த நாலு தாலூக்காவுல என் பேச்ச நம்பித்தான் கல்யாணமே வெக்கறாங்க.”

நியாயம்தான். கல்யாணக் குதிரைக்காரன் சொன்ன சொல் மாறினான் என்று பேர் வந்தால் அப்புறம் யார் கூப்பிடுவார்கள்? வஜிஹா சுல்தானாவின் குளம்பில் இருந்த முள்ளை எடுக்க உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும்.

டியூக் மறுநாள் காலையில் ராகிக் கொல்லையில் அகப்பட்டது. யானை விட்டு வைத்ததை எல்லாம் அது மேய்ந்திருந்தது.

ஊருக்கு வந்ததும் நான் குளிக்கக்கூட இல்லை. ஒரு வாசல் விடாமல் போய் வந்தேன். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் பாதி, தெலுங்கில் பாதி, கையால் பாதி. யானையின் உயரம் வாசலுக்கு வாசல் கொஞ்சம் கூடியிருக்கலாம். சாந்தம்மா வீட்டில் சொன்னபோது கடைசியாகத் திரும்பிப் பார்த்த யானைக்குத் தந்தம் வந்துவிட்டது. ஆனால் கதையின் முடிவை மட்டும் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் சொன்னேன்: நாளைக் காலையில் மத்தூர்க்காரர் வந்து அவளை ஓட்டிப் போகப் போகிறார். அதோடு இன்னொன்றும் சொன்னேன். அதை மெதுவாகச் சொன்னேன்.

காலையில் அவர் வந்தார். கையில் புதுக் கயிறு, அதே சாட்டை. பாய் டீ கொடுத்தார். தலை குனிந்தபடி கயிற்றைத் தானே சுல்தானாவின் கழுத்தில் மாட்டினார். சொன்ன சொல் மாறாத மனிதர். வஜிஹா ஷிப்டுக்குப் போகவில்லை. லாயத்துக் கம்பத்தில் சாய்ந்து நின்றாள்.

மத்தூர்க்காரர் சுல்தானாவை நடத்திக்கொண்டு எங்கள் வாசலுக்கு நேராக வந்தார். நான் ஆரத்தித் தட்டோடு இறங்கினேன்.

சுல்தானா நின்று தலையைத் தாழ்த்தினாள்.

“ஊருக்குப் போறவளுக்கு ஒரு ஆரத்திங்கண்ணா. மங்களமா போகட்டும்” என்றேன். மங்களம் என்றால் யார் தடுப்பார்கள்? அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்தியாக நின்றார். நான் சுற்றினேன். இந்தப் பக்கம் சுற்றினேன், அந்தப் பக்கம் சுற்றினேன். கற்பூரம் அணைந்தது. வேறு கற்பூரம் ஏற்றினேன். கை வலித்ததும் தட்டை இறக்கினேன். சுல்தானா ஓரடி வைத்தாள்.

அடுத்த வாசலில் சாந்தம்மா தட்டோடு நின்றார். அதற்கு எதிர் வாசலில் இன்னொருத்தி. அதற்கடுத்த வாசலில் மாமியாரும் மருமகளும் தனித்தனித் தட்டு. அவர்களுக்குள் பேச்சு இல்லை, சேர்ந்து எடுக்க மாட்டார்கள். மத்தூர்க்காரர் தெருவின் நீளத்தை நிமிர்ந்து பார்த்தார். மஞ்சள் நீரும் கற்பூரமுமாகக் கடைசி வீடு வரை பெண்கள் நின்றார்கள்.

அவர் கயிற்றை இழுத்தார். சுல்தானா அசையவில்லை. சாட்டையை ஓங்கினார்.

“ஐயோ, ஆரத்திக்கு நடுவுல அடிக்கறாரே!” என்று தெலுங்கில் ஒரு குரல், கன்னடத்தில் ஒரு குரல், தமிழில் என் குரல். சாட்டை அப்படியே இறங்கிவிட்டது.

அவர் திரும்பி நடந்து பாயிடம் வந்தார். “பாய், கோவிச்சுக்காதீங்க. இது இப்படி வாசலுக்கு வாசல் நின்னா மத்தூர் போய்ச் சேர்றதுக்குள்ள மாங்கா சீசனே முடிஞ்சிடும். எனக்கு வேணாங்க. நீங்களே வெச்சுக்குங்க.”

“நீங்களாதான வேணாங்கறீங்க?” என்றார் பாய். தெருவுக்கே கேட்கிற குரலில்.

“நானாதாங்க.”

“நான் வாக்கு மாறல?”

“மாறலீங்க. ஆள விடுங்க.”

புதுக் கயிற்றைக்கூட அவிழ்க்காமல் அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டார். வஜிஹா ஓடி வந்து சுல்தானாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். காத்தூனக்கா என்னைப் பார்த்தார். “உன்ன எதுக்குக் கூட்டிப் போனன்னு நேத்து வரைக்கும் வருத்தப்பட்டன் சரசு” என்றார். அவர் வாயிலிருந்து நன்றி அப்படித்தான் வரும்.

தை பிறந்து முகூர்த்தங்கள் ஆரம்பித்தன. ஆனைக்கே வழிவிட்டு நின்ற குதிரை வேண்டும் என்று கேட்டு கிருஷ்ணகிரியிலிருந்து ஆள் வருகிறது. பாய் கட்டுகிற தலைப்பாகை முன்னைவிட உயரமாகிவிட்டது. கேட்கிறவர்களுக்கு யானைக் கதை சொல்ல என்னைத்தான் கூப்பிட்டு அனுப்புகிறார். அவர் சொன்னால் அவ்வளவு நன்றாக வருவதில்லையாம்.

ஒரே ஒரு தொந்தரவு. அன்றிலிருந்து தினமும் காலையில் ஏரிக்கரைக்குப் போகும்போது சுல்தானா எங்கள் வாசலில் நின்று தலையைத் தாழ்த்துகிறாள். ஏதாவது தட்டு வெளியே வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நகர மாட்டாள். தெரு அடைத்துப் போகிறது. பால்காரர் சைக்கிள் நிற்கிறது, என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறார். “ஏட்டி, உன் சம்பந்தி வந்து நிக்கா, தட்டை எடுத்துட்டு வா!” என்று கத்துகிறார். நான் அவசரப்படுவதில்லை. தலை சீவி, பொட்டு வைத்து, வெல்லக்கட்டி வைத்த தட்டோடு மெதுவாகத்தான் இறங்குகிறேன். நாலு பேர் பார்க்கிற இடம் அல்லவா?